டொமைன் பெயருக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

டொமைன், அதாவது இணையதளப் பெயர், பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லி மொரீசியஸ் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: பெயரில் சிக்கல் வந்தால் யாரைப் போய்ப் பிடிப்பது? எந்தப் பெயர், அதை உங்களுக்குக் கொடுத்தது யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

கேள்வி: எங்கள் கோவிலுக்கு டாட் ஆர்க் பெயரில் இணையதளம் இருக்கிறது. சங்கத்துப் பையன் ஒருவன்தான் எல்லாம் செய்து கொடுத்தான். இப்போது அவன் பிரான்சில். போன் எடுப்பதில்லை, மெசேஜைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறான். தைப்பூசக் காவடி நேர விவரத்தைக்கூட மாற்ற முடியவில்லை. போன வாரம் தளமே திறக்கவில்லை. ஐகேனிடம் புகார் கொடுத்தால் பெயர் எங்களுக்கு வருமா?
(கோவில் சங்கச் செயலாளர், ரோஸ் ஹில்)

பதில்: வராது. ஐகேன் என்பது உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பு. அது ரெஜிஸ்ட்ராரை, அதாவது பெயரைப் பதிவு செய்து கொடுக்கும் நிறுவனத்தைத்தான் கேள்வி கேட்கும். பெயர் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலையில்லை. ஆனால் உங்களுக்கு வழி இருக்கிறது. நாள்தான் குறைவு, அதனால் முதலில் நாளைப் பாருங்கள்.

லுக்அப் டாட் ஐகேன் டாட் ஆர்க் பக்கத்தில் உங்கள் பெயரைத் தட்டுங்கள். ரெஜிஸ்ட்ரார் யார், காலாவதித் தேதி என்ன, நிலைக் குறியீடு என்ன, தளம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் நேம்சர்வர் எது என்று நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். காலாவதித் தேதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காலாவதி நாளன்று ரெஜிஸ்ட்ரி (டாட் ஆர்க் பெயர்களின் மூலப் பட்டியலை வைத்திருக்கும் நிறுவனம்) தானாகவே ஒரு வருடம் கூட்டிவிடும். பணம் கட்டாமலே தேதி அடுத்த வருடத்தைக் காட்டும். 'ஆட்டோ ரின்யூ பீரியட்' என்ற குறியீடும் கூடவே இருந்தால், தேதியை நம்பாதீர்கள். பணம் கட்டாமல் பெயர் காலாவதியாகி, ரெஜிஸ்ட்ரார் காத்துக்கொண்டிருக்கக்கூடும்.

அங்கிருந்து கணக்கு இப்படி ஓடும். அதிகபட்சம் 45 நாள் வரை ரெஜிஸ்ட்ரார் சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்க இடம் கொடுக்கலாம். 45 நாளும் கொடுத்தாக வேண்டும் என்று விதி இல்லை, பலர் அதற்கு முன்பே பெயரை ஏலத்துக்கு விடுகிறார்கள். நீக்கிவிட்டால் 30 நாள் 'ரிடெம்ப்ஷன்' காலம். அப்போதும் மீட்கலாம், ஆனால் கட்டணம் பல மடங்கு. அதற்குப் பிறகு 5 நாள் 'பெண்டிங் டெலீட்'. இந்த 5 நாளில் யார் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆறாம் நாள் பெயர் சந்தைக்கு வந்துவிடும். தளம் திடீரென்று திறக்காமல் போனதும் பெரும்பாலும் இதனால்தான்: நீக்குவதற்கு முன் பதிவுதாரர் கவனிக்கட்டும் என்று தளத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது ஐகேன் விதி.

முதல் வேலை, புதுப்பிப்புக் கட்டணம் கட்டுவது. சில ரெஜிஸ்ட்ரார்களிடம் கணக்கில் நுழையாமலே யார் வேண்டுமானாலும் கட்டலாம். கட்டினால் பெயர் உங்களுடையதாகிவிடாது, ஆனால் ஒரு வருடம் மூச்சு விடலாம்.

அடுத்தது கடிதம். ரெஜிஸ்ட்ராரின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். சங்கப் பதிவுச் சான்றிதழ், தற்போதைய நிர்வாகக் குழு யார் என்று காட்டும் கூட்டத் தீர்மானம், தலைவர் அல்லது செயலாளரின் அடையாள அட்டை, சங்கத்தின் வங்கிக் கணக்கிலிருந்தோ கார்டிலிருந்தோ பணம் போன ரசீது எல்லாம் இருக்கட்டும். இதில் ரசீதுதான் பெரிய ஆயுதம். பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டுங்கள், 'வெப்சைட்' என்று எழுதி பத்து இருபது டாலருக்கு ஒரு வரி இருக்கும். ஆர்டாப் பதிவில், அதாவது அந்த லுக்அப் பக்கம் காட்டும் விவரத்தில், 'அமைப்பு' என்ற கட்டத்தில் சங்கத்தின் பெயர் இருந்தால் உங்கள் கை ஓங்கும். பையனின் பெயர் மட்டும் இருந்தால், ரெஜிஸ்ட்ரார் கண்ணுக்கு அவன்தான் உரிமையாளர். சங்கம் வெறும் மூன்றாம் நபர்.

அப்படியென்றால் பையனைத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். திட்டி எழுதாதீர்கள், வேலையைச் சுலபமாக்கிக் கொடுங்கள். அதே ரெஜிஸ்ட்ராரில் சங்கத்தின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, "உன் கணக்கிலிருந்து இந்தக் கணக்குக்கு 'புஷ்' செய்துவிடு" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றப் போனால் பூட்டைத் திறக்க வேண்டும், மாற்றுக் குறியீடு (பெயரை வேறிடத்துக்குக் கொண்டுபோக அனுமதிக்கும் ரகசியக் குறியீடு) வாங்க வேண்டும், உரிமையாளர் பெயரையும் அப்போதே மாற்றினால் 60 நாள் தடையில் மாட்டவும் கூடும். அதை ஆறுதலாகப் பிறகு செய்துகொள்ளலாம்.

ஐகேனிடம் புகார் எடுபடும் இடங்களும் உண்டு. பதிவுதாரர் கேட்டும் மாற்றுக் குறியீட்டை 5 நாளுக்குள் கொடுக்காதது, காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் அனுப்ப வேண்டிய நினைவூட்டலை அனுப்பாதது போன்றவை. ஆனால் புகார் கொடுப்பவர் பதிவுதாரராக இருக்க வேண்டும். நினைவூட்டல் எல்லாம் பையனின் பழைய ஈமெயிலுக்கு ஒழுங்காகப் போயிருந்தால், ரெஜிஸ்ட்ரார்மேல் குற்றமில்லை.

யூடிஆர்பி என்ற தகராறு முறையைச் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். வைப்போவில் (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) ஒரு நடுவர் விசாரித்தால் கட்டணம் 1,500 டாலர். பெயரில் வணிகக்குறி உரிமை இருப்பதையும், எதிராளி கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்துவதையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். சங்கமே சொல்லிப் பையன் பதிவு செய்த பெயரில் 'கெட்ட எண்ணத்தோடு பதிவு' என்ற வாதம் நிற்பது கடினம். அந்தப் பணத்தில் புதுப் பெயர் ஒன்றைப் பல வருடத்துக்கு வாங்கிவிடலாம்.

பெயர் கைக்கு வந்ததும் இரண்டு காரியம் செய்யுங்கள். பதிவுதாரராகச் சங்கத்தைப் போடுங்கள். கணக்கின் ஈமெயிலை அதே டொமைனில் வைக்காதீர்கள். டொமைன் விழுந்தால் ஈமெயிலும் விழும், பாஸ்வேர்டு மீட்கும் கடிதம் வந்து சேர இடமிருக்காது.

கேள்வி: ஐகேன் மற்றவர்களைக் கேள்வி கேட்கிறது சரி, ஐகேனைக் கேட்பது யார்? அமெரிக்க அரசு விட்டுவிட்டது என்கிறார்களே?
(கல்லூரி மாணவி, காத்ர் போர்ன்)

பதில்: 2016 அக்டோபர் 1 முதல் விட்டுவிட்டது. அதுவரை வேர்க் கோப்பில், அதாவது டாட் காம், டாட் எம்யூ போன்ற உச்சிப் பெயர்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் கோப்பில், ஒரு நேம்சர்வர் மாற்றினாலும் அமெரிக்க வணிகத் துறையின் ஒப்புதல் வேண்டும். இப்போது கோரிக்கையை ஐகேனின் துணை அமைப்பான பிடிஐ சரிபார்க்கிறது, டாட் காமை நடத்தும் வெரிசைன் நிறுவனம் கோப்பைத் தயாரித்து வெளியிடுகிறது. வேலை நேரத்தில் முடிந்ததா, தவறு நேர்ந்ததா என்று வாடிக்கையாளர் நிலைக்குழு மாதா மாதம் பார்க்கிறது.

ஐகேன் இயக்குநர் குழுவின் கடிவாளம் 'அதிகாரமளிக்கப்பட்ட சமூகம்' என்ற ஐந்து பிரிவினர் கையில் இருக்கிறது: எண் முகவரி அமைப்புகள், நாட்டுக் குறியீட்டு நிர்வாகிகள், பொதுப் பெயர்த் துறையினர், சாதாரணப் பயனாளர்கள், அரசுகள். வரவுசெலவுத் திட்டத்தையும் விதித் திருத்தத்தையும் இவர்கள் நிராகரிக்கலாம். இயக்குநர் குழு முழுவதையும் வீட்டுக்கு அனுப்ப ஐந்தில் நான்கு பிரிவு ஆதரிக்க வேண்டும், எதிர்ப்பு ஒன்றைத் தாண்டக்கூடாது. ஏட்டில் இது வலுவான அதிகாரம்தான். இயக்குநர் குழு முழுவதையும் நீக்கும் அளவுக்கு ஒருநாளும் போனதில்லை.

தனி ஆளுக்கோ நிறுவனத்துக்கோ பாதிப்பு வந்தால் 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதற்கு மேல் சுதந்திர மறுஆய்வு என்ற நடுவர் விசாரணை. அது நம் நாட்டோடு தொடர்புள்ள வழக்கிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. டாட் ஆப்பிரிக்கா பெயருக்குப் போட்டியிட்ட டாட்கனெக்ட்ஆப்பிரிக்கா, மொரீசியஸ் சட்டப்படி அமைந்த அறக்கட்டளை. அதன் விண்ணப்பத்தைக் கையாண்டதில் ஐகேன் தன் விதிகளையே மீறியது என்று 2015 ஜூலையில் நடுவர் குழு சொன்னது. ஆனாலும் பெயர் கிடைக்கவில்லை. மறுபடி பரிசீலித்துத் தென்னாப்பிரிக்க நிறுவனத்துக்கே கொடுத்தார்கள், 2017 பிப்ரவரியில் டாட் ஆப்பிரிக்கா வேர்க் கோப்பில் ஏறியது. கலிஃபோர்னியா நீதிமன்றத்திலும் ஐகேன் பக்கமே தீர்ப்பு. நடுவர் குழுவில் ஜெயிப்பதும் கேட்டது கைக்கு வருவதும் ஒன்றல்ல.

ஊர் கூடி இழுத்து நிறுத்தியதற்கு உதாரணம் டாட் ஆர்க் விற்பனை. 2019 ஜூன் மாத இறுதியில் டாட் ஆர்க் விலை உச்சவரம்பை ஐகேன் எடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் அதை நடத்தும் நிறுவனத்தை 113.5 கோடி டாலருக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்பதாக அறிவிப்பு வந்தது. உலகெங்கும் தொண்டு நிறுவனங்கள் எதிர்த்தன. 2020 ஏப்ரலில் கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் கடிதம் எழுதினார், ஏப்ரல் 30 அன்று ஐகேன் சம்மதம் மறுத்தது. ஐகேன் கலிஃபோர்னியாவில் பதிவான லாப நோக்கமற்ற நிறுவனம் என்பதால்தான் அந்தக் கடிதத்துக்கு அத்தனை கனம். அமெரிக்க அரசு கையெடுத்தாலும், அமெரிக்க மாநிலச் சட்டம் கையெடுக்கவில்லை. நம் அரசின் இணைய வாசல் கவ்எம்யூ டாட் ஆர்க் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

கேள்வி: டாட் எம்யூ பெயர் வாங்கப் போனால் டாட் காமைவிடப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். ஐகேனுக்கு எழுதினேன், தங்கள் வரம்பில் இல்லை என்று பதில். நம் நாட்டின் பெயருக்கு நாம் யாரைக் கேட்பது?
(கடை உரிமையாளர், போர்ட் லூயி)

பதில்: ஐகேன் தட்டிக்கழிக்கவில்லை. டாட் எம்யூ 1995இல் ஒப்படைக்கப்பட்டது, ஐகேன் பிறந்தது 1998இல். அந்தக் காலத்தில் ஜான் போஸ்டல் என்ற பொறியாளர், சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் நாட்டுக் குறியீட்டுப் பட்டியலில் (ஐஎஸ்ஓ 3166) உள்ள இரண்டெழுத்துக் குறியீடுகளை, பொறுப்பாக நடத்தக்கூடியவர் என்று தெரிந்தவரிடம் கொடுத்துவந்தார். பல்கலைக்கழகமோ தனியார் நிறுவனமோ, யார் முன்வந்தார்களோ அவர்கள். நம் நாட்டில் தனியார் கைக்குப் போனது. 1994இல் எழுதிய வழிகாட்டுதல், நிர்வாகியை அந்த நாட்டு மக்களுக்கும் உலக இணையத்துக்கும் அறங்காவலர் என்கிறது. உரிமை கொண்டாடாதே, பொறுப்பைப் பார் என்பது அதன் தொனி. ஆனால் விலைக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

பொதுப் பெயர்களுக்கு ஐகேனோடு ஒப்பந்தம் உண்டு. டாட் காமின் மொத்த விற்பனை விலை 2024 செப்டம்பரில் 10.26 டாலரோடு நின்றதென்றால், வெரிசைனோடு அமெரிக்க வணிகத் துறை இன்றும் வைத்திருக்கும் உடன்பாடு அதற்கு ஒரு காரணம். நாட்டுக் குறியீடுகளின் விலையும் விதியும் அந்தந்த நாட்டுக்குள் தீர வேண்டியவை. நம்மிடம் 2001ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புத் தொழில்நுட்பச் சட்டம் இருக்கிறது. இணைய மேலாண்மைக் குழு என்று ஒன்றை வகுத்து, டொமைன் நிர்வாகத்தையும் அதன் பணிகளில் சேர்த்திருக்கிறது. ஆனால் சட்டம் ஒரு பக்கம் இருக்க, வேர்க் கோப்பில் நிர்வாகியாக யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சாவியை வைத்திருப்பவர்.

நிர்வாகியை மாற்றலாம், நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டால் மட்டும் போதாது. பிடிஐ நடத்தும் ஐயானா பிரிவுக்கு விண்ணப்பம் போக வேண்டும். புது நிர்வாகிக்குத் தொழில்நுட்பத் திறன் இருக்கிறதா, நாட்டுக்குள் இருக்கிறாரா, உள்ளூர் இணையச் சமூகம் ஆதரிக்கிறதா, அரசு என்ன சொல்கிறது, பழைய நிர்வாகி சம்மதிக்கிறாரா என்று பார்ப்பார்கள். சம்மதம் இல்லாமல் பறிப்பது, பெரிய முறைகேடு நடந்தால் மட்டும். விலை அதிகம் என்பது அந்த வகையில் சேராது. தென்னாப்பிரிக்கா 2002இல் சட்டம் இயற்றி டாட் இசட்ஏவுக்குத் தனி ஆணையம் அமைத்தது. பழைய நிர்வாகி எதிர்க்க, சண்டை ஊடகம்வரை போய், பிறகுதான் கைமாறியது. நம் ஊரில் அப்படி ஒன்று நடக்க அரசும், வணிகச் சங்கங்களும், சேவை நிறுவனங்களும் ஒரே மனுவில் கையெழுத்திட வேண்டும். அரசு மட்டும் தனியாகக் கேட்டால் 'உள்ளூர்ச் சமூகம் எங்கே' என்ற கேள்வியில் நின்றுவிடும்.

நீங்கள் கடைக்காரர். எதிர்பார்க்கக்கூடியதைக் கேளுங்கள்: காலாவதிக்குப் பின் எத்தனை நாள் அவகாசம், விலை ஏற்றினால் எத்தனை மாத முன்னறிவிப்பு, தகராறை யார் தீர்ப்பார். மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் டாட் காமை வாங்குங்கள். தேசப்பற்று கெட்டுப்போகாது.

கேள்வி: எபெனில் இருக்கும் ஆஃப்ரினிக் அலுவலக வழக்குகளைப் பற்றிச் செய்தியில் படித்தேன். அது மூடப்பட்டால் எங்கள் நிறுவன டொமைன் நின்றுவிடுமா?
(கணினிப் பிரிவு ஊழியர், எபென்)

பதில்: டொமைன் நிற்காது. ஆஃப்ரினிக் பெயர்களைப் பார்ப்பதில்லை, இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் முகவரியாக இருக்கும் ஐபி எண்களைப் பார்க்கிறது. 2005இல் ஐகேன் அங்கீகரித்த ஐந்தாவது வட்டாரப் பதிவகம் அது. எண்களைப் பெற்றிருந்த ஒரு நிறுவனத்திடமிருந்து அவற்றைத் திரும்பப் பெற முயன்றதில் வழக்கு தொடங்கியது. 2021இல் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. இயக்குநர் குழுவில் கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கைக்கு ஆளில்லாமல் போனது. 2023 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றம் நிர்வாகத்தைக் கவனிக்க ஒரு பெறுநரை (ரிசீவர்) நியமித்தது. 2025 ஜூன் தேர்தல், வாக்களிக்கும் அதிகாரப் பத்திரங்களில் எழுந்த சர்ச்சையால் ரத்தானது. செப்டம்பரில் மறுபடி நடந்து புதுக் குழு வந்தது. இத்தனைக்கும் நடுவில் ஐகேனால் கடிதம் எழுத முடிந்தது, ஆணையிட முடியவில்லை. நம் நாட்டுச் சட்டப்படி பதிவான நிறுவனத்துக்கு ஆணையிட நம் நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம். ஆப்பிரிக்கா முழுவதற்குமான பதிவகத்தின் தலைவிதி போர்ட் லூயியில் தீர்மானமானது பலருக்கு உறுத்தியது. ஒரு நாட்டில் பதிவு செய்தால் அந்த நாட்டு நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது நிறுவனம் தொடங்கும்போதே தெரிந்ததுதான்.

பெயரையும் ஐபி எண்ணையும் இணைக்கும் டிஎன்எஸ் முறையில் உங்களைத் தொடக்கூடிய இடம் ஒன்று உண்டு: தலைகீழ்ப் பதிவு. உங்கள் மெயில் சர்வரின் ஐபி 41, 102, 105, 154, 196, 197 என்று தொடங்கினால், 'இந்த எண் எந்தப் பெயருடையது' என்ற கேள்வி வேரிலிருந்து இறங்கி ஆஃப்ரினிக்கின் சர்வர் வழியாகத்தான் உங்கள் சேவை நிறுவனத்துக்கு வரும். அந்தக் கண்ணி விழுந்தால் தளம் திறக்கும், ஆனால் ஜிமெயில் போன்றவை உங்கள் ஈமெயிலைத் திருப்பி அனுப்பும். இன்றே சோதியுங்கள்: என்எஸ்லுக்அப் கட்டளையோடு சர்வரின் ஐபியைத் தட்டுங்கள், ஒரு பெயர் வரும். அந்தப் பெயரை மறுபடி தட்டினால் அதே ஐபி வர வேண்டும். வராவிட்டால் டொமைன் விற்றவரிடம் போகாதீர்கள். இணைப்பு கொடுத்த நிறுவனம்தான் சரிசெய்ய முடியும்.

கேள்வி: சாகோஸ் தீவுகள் நமக்கு வந்தால் டாட் ஐஓ வருமானமும் நமக்கு வருமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், குரேபிப்)

பதில்: அப்படி எந்த விதியும் இல்லை. 'ஐஓ' என்பது சாகோஸுக்குப் பிரிட்டன் வைத்த 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' என்ற பெயருக்கு ஐஎஸ்ஓ கொடுத்த குறியீடு. 2025 மே 22 அன்று பிரிட்டனும் நாமும் சாகோஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதால் குறியீடு மறைந்துவிடவில்லை. பட்டியலிலிருந்து ஐஎஸ்ஓ அதை நீக்கினால்தான் ஓய்வு கொடுக்கும் நடைமுறை தொடங்கும். அப்போதும் அவகாசம் 5 வருடம், தக்க காரணம் காட்டினால் மேலும் 5 வருடம் வரை. யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010இல் நீங்கியது. சோவியத்தின் டாட் எஸ்யூ இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. குறியீடு நீங்கினால் வருமானமும் அதோடு போய்விடும், யாருக்கும் இல்லை.

டாட் ஐஓ பெயர் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். தளத்தை மாற்றுவது ஒரு நாள் வேலை. அந்த ஈமெயிலை வைத்து வங்கி, வரி, கிளவுட் கணக்கு எல்லாம் திறந்திருந்தால் அதை மாற்றத்தான் மாதக்கணக்கு ஆகும். அந்தப் பட்டியலை மட்டும் எழுதத் தொடங்குங்கள்.

கேள்வி: உலக இணையத்தின் சாவி ஏழு பேரிடம் இருக்கிறதாமே?
(வாசகர், வாக்வா)

பதில்: மிகைப்படுத்தல். வேர்க் கோப்பின் கையொப்பச் சாவி கலிஃபோர்னியாவில் எல் செகுண்டோ, வர்ஜீனியாவில் கல்பெப்பர் என்று இரண்டு இடங்களில் பெட்டகத்தில் இருக்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் ஏழு பொறுப்பாளர்கள், பல நாட்டுத் தன்னார்வலர்கள். குறைந்தது மூவர் நேரில் வந்தால்தான் கருவி இயங்கும். வருடத்துக்கு நான்கு முறை நடக்கும் அந்தச் சடங்கை நேரலையில் யாரும் பார்க்கலாம். சாவி இல்லாமல் போனாலும் இணையம் அணைந்துவிடாது. பதில் உண்மையானதா என்று சரிபார்ப்பதுதான் முதலில் உடையும்.

உங்களைப் பாதிப்பது இதன் கீழ்க்கிளை. டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில்களுக்குக் கையொப்பமிடும் பாதுகாப்பு) போட்ட பெயரை வேறு டிஎன்எஸ் சேவைக்கு மாற்றும்போது, ரெஜிஸ்ட்ராரிடம் உள்ள டிஎஸ் பதிவை, அதாவது உங்கள் சாவியின் அடையாளத்தை, மறந்துவிடுவார்கள். பழைய டிஎஸ், புதுச் சாவி, இரண்டும் பொருந்தாது. சிலருக்குத் தளம் திறக்கும், கையொப்பத்தைச் சரிபார்க்கும் ரிசால்வர் (பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் சர்வர்) உள்ளவருக்குத் திறக்காது. முதலில் டிஎஸ்ஸை நீக்குங்கள், இரண்டு நாள் பொறுங்கள், பிறகு நேம்சர்வரை மாற்றுங்கள், கடைசியில் புது டிஎஸ் போடுங்கள்.

கேள்வி: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றுக்கும் தமிழ் எழுத்தில் உச்சிப் பெயர் இருக்கிறது. 'மொரீசியஸ்' என்று தமிழில் கிடைக்குமா?
(தமிழாசிரியை, மோக்கா)

பதில்: விதிப்படி அந்த மொழி நாட்டில் ஆட்சிமொழித் தகுதி உடையதாகவோ, அரசு அலுவல்களில் பயன்படுவதாகவோ இருக்க வேண்டும், அதை அரசு எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருப்பதைக் காட்டலாம், அது மட்டும் போதுமா என்பது சந்தேகம். தனியாராகப் புதுப் பொதுப் பெயராகக் கேட்கவும் முடியாது: நாட்டுப் பெயர்களுக்கு அங்கே அனுமதி இல்லை, 2026 சுற்றுக்கு விண்ணப்பக் கட்டணமே 227,000 டாலர். ஆகவே மனு போக வேண்டிய இடம் அமைச்சகம். அவர்கள் உறுதிக் கடிதம் கொடுத்தால்தான் ஐகேனின் கதவைத் தட்ட முடியும்.